கறுப்புக் காரும் கீறலும்



தஞ்சோங் ரம்புத்தானில் எங்கள் வரிசை வீடுகளில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். உலு கிந்தா பகாகியா மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், மகள் கல்யாணத்துக்கு ஒதுக்கியது போக, தமக்கென்று அவர் வாங்கிக்கொண்டது ஒரே ஒரு பொருள்தான். அது ஒரு கறுப்புக் கார். நான் பட்டறையில் முப்பது ஆண்டுகள் சாயம் அடித்தவன் என்பது அவருக்குத் தெரியும். ஒரு நாள் காலை வந்து, "தம்பி, கார் முழுக்கச் சிலந்தி வலை கட்டியது போல் கோடு. யாரோ பொறாமைக்காரன் இரவில் கம்பி நாரைப் போட்டுத் தேய்த்துவிட்டான்" என்றார்.

வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். சூரியனின் ஒளி விழுந்த இடத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாகத் தெரிந்தன. செய்தவர் யார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெரியவரேதான்! தினமும் விடியற்காலையில் கோழி இறகுத் துடைப்பத்தால் தூசி தட்டி, பிறகு பழைய கைலித் துணியால் பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் அவர் பசியாறுவார்.

தூசியில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? எங்கள் ஊர் மண்ணைப் பாருங்கள். மேலே தித்திவங்சா மலைத்தொடர், கருங்கல் மலை. அந்தக் கல் காலங்காலமாக நைந்து, மழையில் இறங்கி, கிந்தா பள்ளத்தாக்கில் மணலாகப் படிந்தது. அந்த மணலோடு கலந்து வந்ததுதான் ஈயம். 1985-இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு, ஈயம் போய் மணலும் குட்டைகளும் எங்களுக்கு மிஞ்சின. இந்த மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவையில் அதற்கு 7. சன்னல் கண்ணாடிக்கு ஏறக்குறைய ஐந்தரைதான். கண்ணாடியையே கீறக்கூடிய துகளைத் துணிக்கு அடியில் வைத்துக் காரின் சாயத்தில் தேய்த்தால் என்ன ஆகும்? சாயம் கண்ணாடியைவிட எவ்வளவோ மெத்தனமானது.

வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. ஆனால் வெள்ளைச் சாயம் எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறச் செய்வதால், கீறல் சிதறும் ஒளி அதில் கலந்து மறைந்துவிடுகிறது. கறுப்புச் சாயமோ காற்றில்லாத நேரத்துச் சுரங்கக் குட்டை மாதிரி. எதிரே உள்ளதை அப்படியே காட்டும், தன்னிலிருந்து ஒளி விடாது. அதில் ஒரு சிறு கோடு விழுந்தாலும், கோட்டின் விளிம்பு ஒளியை வாங்கி நம் கண்ணுக்கு அனுப்பிவிடும். இன்னொரு வேடிக்கை. அந்த வட்டங்கள் உண்மையில் வட்டங்களே அல்ல. கோடுகள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்குக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுகின்றன. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும்.

அமெரிக்காவின் போர்டு நிறுவனம் 1914 முதல் 1925 வரை மாடல் டி கார்களைக் கறுப்பில் மட்டுமே விற்றது. அந்தக் காலத்துச் சாயத்தில் மேலிருந்து அடிவரை நிறம் இருந்தது. தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும். இன்றைய கார்கள் பெரும்பாலும் அப்படியல்ல. தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் அடிப்பூச்சு, பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கண்ணாடிப் பூச்சு. பட்டறைக்காரர்கள் இதைக் 'கிளியர்' என்பார்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். கிளியர் மட்டும் 0.04 அல்லது 0.05 மில்லிமீட்டர். நம் தலைமுடியின் பருமன்கூட அதைவிட அதிகம்!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடும் என்று நினைக்கிறார்கள். பாலிஷ் எதையும் நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியரைச் சீவி, கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழிக்கிறோம், திரும்பப் போட வழியில்லை. மெழுகு நிரப்பும், உண்மைதான். கறுப்புக் காரில் காலணிப் பாலிஷ் தடவுகிறார்களே, அதுவும் மெழுகுதான். இரண்டு மழைக்குத் தாங்கும். மண்ணெண்ணெய் தடவினால் காயும் வரை மறைக்கும். பற்பசையில் அரைக்கும் தூள் உண்டு என்பதால் மெல்லிய கோடு சற்று மங்கும், கூடவே அந்த இடம் முழுதும் மங்கிப் போவதும் உண்டு.

பெரியவரை நான் பொறுக்கச் சொன்னேன். அவருக்குப் பொறுக்கவில்லை. மருமகன் ஒரு கடைக்கு அழைத்துப் போய் இயந்திரத்தால் தேய்த்துக்கொண்டு வந்தார். கார் அன்று கண்ணாடிபோல் இருந்தது. வீதியே கூடிப் பார்த்தது. ஆனால் பானெட்டின் மடிப்பு விளிம்பில் இயந்திரத்தின் அழுத்தம் முழுவதும் ஒரே கோட்டில் விழும். அங்கே கிளியர் கரைந்துவிட்டிருந்தது. ஓராண்டு வெயிலில் அந்த விளிம்பு வெளுத்து, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிவதுபோல் உரிந்தது. கீறலோடு இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இப்போது பானெட் முழுவதையும் தேய்த்துப் புதிதாகச் சாயம் அடிக்க வேண்டியதாயிற்று. மகளின் கல்யாணக் கடன் தீராத நேரத்தில் அந்தச் செலவு.

ஆகவே நேயர்களே, கீறலைக் கண்டதும் கையில் பாலிஷை எடுக்காதீர்கள். முதலில் ஆழம் பாருங்கள். காரைக் கழுவி நிழலில் உலர விட்டு, கீறலின் மேல் தண்ணீர் தடவுங்கள். ஈரத்தில் மறைந்து, உலர்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது பெரும்பாலும் கிளியருக்குள்ளேயே நிற்கிறது. அடுத்து நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் மாட்டாவிட்டால், மிக நைசான பாலிஷைச் சொட்டளவு மைக்ரோபைபர் துணியில் எடுத்து, ஒரு சாண் இடத்தில் மட்டும், கையால் தேய்க்கலாம். விளிம்புகளை விட்டுவிடுங்கள். பாதிக்கு மேல் மறைந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை மெழுகு பார்த்துக்கொள்ளும். கறுப்புத் தகடு வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடும் என்பதால் இதையெல்லாம் காலையிலோ மாலையிலோ செய்வதே நல்லது.

நகம் மாட்டினால் தேய்த்துப் பயனில்லை. நிறம் போய் அடிப்பூச்சு தெரிந்தால், காரின் நிற எண்ணைக் குறித்துக்கொண்டு அதே சாயத்தைச் சிறு புட்டியில் வாங்குங்கள். எண் பெரும்பாலும் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும். கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பு அல்ல. சிலவற்றில் வெள்ளித் தூள் கலந்திருக்கும். புட்டியோடு வரும் தூரிகை நம் கீறலுக்கு மிகப் பெரிது. பல்குத்தும் குச்சியின் முனையால், கோட்டுக்குள் மட்டும், மெல்லிசாக வைத்து, காய்ந்த பிறகு மீண்டும் வைக்க வேண்டும். கிட்டப் போனால் தெரியத்தான் செய்யும். ஆனால் இரும்பு வெளியே தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. எங்கள் பேராக் மழைக்குத் துரு காத்திருக்காது. பம்பர் பிளாஸ்டிக் என்றால் அவசரமில்லை.

கழுவும் முறைக்கு வருவோம். முதலில் குழாய் நீரைத் தாராளமாக ஓடவிட்டு மணலைத் தள்ளிவிடுங்கள். வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் சோப்பு நீர், மற்றதில் துணியை அலச வெறும் நீர். மேலிருந்து கீழே, சக்கரத்துப் பக்கம் கடைசியில். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் காருக்குப் பக்கத்திலேயே கொண்டு வரவேண்டாம். துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அதற்கு விடுமுறை. கல்யாணத்துக்குக் காரை இரவல் கொடுப்பவர்கள், மாலை கட்டும் கம்பி பானெட்டில் உரசாமல் அடியில் துணி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். மாப்பிள்ளை ஊர்வலம் முடிந்த மறுநாள் என்னிடம் வந்த கார்கள் கொஞ்சமல்ல.

பெரியவரின் காரில் பானெட் இப்போது புதிது. கதவுகளில் சிலந்தி வலை இன்னும் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம். கோழி இறகுத் துடைப்பம் வீட்டுக்குள் போய்விட்டது. சாமி படங்களுக்குத் தூசி தட்ட அதுதான்.