மூன்றாம் தரத்திற்குப் பின்

(கீழப்பழுவூரில் நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குடும்பத்தாருட் பலர் இந்நாளில் டிராக்டரும், பழைய காரும், வங்கி விற்கும் வீடுமனையும் இணையவழி ஏலத்தில் எடுக்கத் தலைப்பட்டுள்ளனர். நகையை அடகு வைத்து முன்பணங் கட்டி, ஏலம் தமக்கே முடிந்ததென மகிழ்ந்திருக்கையில், விற்பவர் "கொடுப்பதற்கில்லை" எனக் கைவிரிப்பாராயின் யாது செய்வது? வெகுண்டு பேசுவதாற் பயனில்லை. விதியென்று வாளாவிருத்தலும் தகாது. சட்டம் காட்டும் வழிகளை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஏலம் என்னுஞ் சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து நம் மொழிக்கு வந்தது. எனினும் "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று கூவும் வழக்கத்தை அறியாதார் நம்மில் இலர். சட்டத்தின் சாரம் அம்மூன்றாந் தரத்திலேயே அடங்கியுளது. 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி, சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ ஏலம் முடிந்ததென அறிவிக்கும்பொழுது விற்பனை நிறைவெய்துகிறது. அதற்கு முன் கேட்டவர் தம் கேள்வியை மீட்டுக்கொள்ளலாம். விற்பவரும் பொருளை விலக்கிக்கொள்ளலாம். ஏல விளம்பரம் அழைப்பேயன்றி வாக்குறுதியன்று.

இணையத்திற் சுத்தியல் ஏது எனின், அந்த ஏலத்தின் நிபந்தனைகளே அதனை உணர்த்தும். "விற்பவர் ஒப்புதலுக்கு உட்பட்டது" என்றிருப்பின், ஒப்புதல் வருமட்டும் உரிமை பிறவாது. 2016 ஏப்ரல் 14-இல் தொடங்கிய இ-நாம் சந்தையிலே, பருத்தியோ மக்காச்சோளமோ கொணர்ந்த உழவர், வந்த மேல்விலை போதாதெனின் மறுக்கலாம். விதியே அவ்வுரிமையை அளித்திருத்தலின் அது வாக்குத் தவறுதல் ஆகாது.

அத்தகைய நிபந்தனை யாதுமின்றி ஏலம் முடிந்திருப்பின், ஒப்பந்தம் பிறந்துவிட்டது. மின்னணு வழியே நிகழ்ந்தது என்பது மட்டுமே காரணமாக ஒப்பந்தத்தைத் தள்ளலாகாது என்பது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. ஆஸ்திரேலியாவில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானம் ஒன்றை ஈபே ஏலத்தில் ஒருவர் 1,50,000 டாலருக்கு எடுத்தார், உடையவரோ பின்வாங்கினார். விமானத்தையே ஒப்படைக்குமாறு 2007-இல் நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம் ஆணையிட்டது.

நம் நாட்டிலும் வழிகள் உள. முதலாவது, நஷ்டஈடு. 4,00,000 ரூபாய்க்கு எடுத்த டிராக்டரைக் கொடாது மறுத்தலால், அத்தகையதையே வெளியில் 4,60,000 ரூபாய்க்கு வாங்க நேரின், கட்டிய முன்பணத்தோடு அவ்வேறுபாடாகிய 60,000 ரூபாயையும் கோரலாம். இரண்டாவது, பொருளையே பெறுதல். குறிப்பிட்ட பொருளாயின், அதனையே கொடுக்குமாறு நீதிமன்றம் தகுதி நோக்கி ஆணையிடலாம். இவ்விரண்டிற்கும் சிவில் வழக்கிடும் காலவரம்பு மூன்றாண்டு. மூன்றாவது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விற்பவர் வணிகராயின், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் முறையிடலாம். தம் பழைய பொருளை விற்கும் தனியார்மீது இவ்வழி செல்லாது. மறுவிற்பனைக்கு வாங்கினோர்க்கும் பொதுவாக இஃது உதவாது.

வங்கி ஏலத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 2023 ஜூனில் யூனியன் வங்கி நடத்திய ஏலத்தில் செலிர் என்னும் நிறுவனம் 105.05 கோடி ரூபாய்க்குச் சொத்தை எடுத்து, முழுத்தொகையும் செலுத்தியது. பின்னர்க் கடனாளி 129 கோடி தருவதாக முன்வரவே, வங்கி அதற்கு இசைந்தது; பம்பாய் உயர்நீதிமன்றமும் அனுமதித்தது. உச்சநீதிமன்றமோ 2023 செப்டம்பர் 21-இல் அதனைத் தள்ளி, ஏலம் எடுத்தவர்க்கே விற்பனைச் சான்றிதழ் வழங்கப் பணித்தது. அதிகத் தொகை வருகிறதென்று முடிந்த ஏலத்தைக் கலைத்தால், பொது ஏலத்தை இனி எவர் நம்புவர்?

ஆதலின் சகோதரர்களே! ஏலத்தில் இறங்குமுன் நிபந்தனைகளை முழுதும் படியுங்கள். முடிந்ததும் அறிவிப்பு, நேரம், பணஞ்செலுத்திய ரசீது ஆகியவற்றைப் படமெடுத்துச் சேமியுங்கள். 2023-ஆம் ஆண்டுப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றோடு அவை நீதிமன்றத்தில் ஏற்கப்படும். மறுப்பை எழுத்திற் பெற்று, வழக்கறிஞர் வாயிலாக நோட்டீஸ் அனுப்புங்கள். பொருளே இல்லாத வஞ்சகம் எனத் தெரியின், 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். பொருள் விற்பனைச் சட்டத்தின் ஆண்டும் அதுவே ஆதலின் நினைவில் நிற்பது எளிது.

வாங்குமிடத்திற் சட்டத்தை நாடும் நாம், விற்குமிடத்தும் அதற்கு அடங்கியே ஒழுகவேண்டும். மூன்றாந் தரத்திற்குப் பின் நூறு ரூபாய் கூடுதலாக வரினும், முன்னர் எடுத்தவர்க்கே பொருளைக் கொடுத்தல் நம் குலத்தார்க்குக் கடமையாகும்.