உறைபனிக்கு முந்தும் நாற்று

கனடாவின் டொராண்டோ வட்டாரத்தில் மே மாதத்திலும் உறைபனி விழக்கூடும். தக்காளி, மிளகாய், கத்தரி அதைத் தாங்காது. ஆகவே வசந்தகாலத் தோட்டத்துக்கான நாற்றுகள் வீட்டுக்குள்ளேயே வளர்க்கப்படுகின்றன. நடவுக்கு 6 முதல் 8 வாரம் முன்பு தக்காளியும், 8 முதல் 10 வாரம் முன்பு மிளகாயும் விதைக்கப்படும்.

குழித்தட்டுகளில் நிரப்பப்படும் தென்னை நார்க்கழிவு தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் பொருள். அதில் விதை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றப்படும். முளைக்க 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது.

முளைத்தபின் தினமும் 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். குறைந்தால் நாற்று வெளிறி, நெடுநெடுவென நீண்டு சாயும். ஈரம் மிகுந்தால் பூஞ்சை தாக்கித் தண்டின் அடி அழுகும்.

நடவுக்கு முந்தைய 7 முதல் 10 நாள்களில், தினமும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நாற்று வெளியே வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கப்படுத்தப்படுகிறது.