தூரமும் நேரமும்: டில்லி – சான் பிரான்சிஸ்கோ வான்வழி

(அலுவலர்கள், மாணவர்கள் கூடிய கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இரு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்பது பள்ளிக் கணக்கு. டில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான வான்வழியில் இக்கணக்கு பொய்த்துவிடுகிறது.

உலக உருண்டையின் மீது இவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்து இணைத்தால், அந்நூல் வடதுருவத்தை ஒட்டிச் செல்லும். அதன் நீளம் சுமார் 12,400 கிலோமீட்டர். இதைவிடக் குறுகிய வழி கிடையாது. தட்டையான தேசப்படத்தில் கோடு போட்டுப் பழகியவர்களுக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும்.

2015 டிசம்பரில் ஏர் இந்தியா நிறுவனம் இங்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. அட்லாண்டிக் வழியே செல்லும் அப்பாதை ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் டில்லியிலிருந்து செல்லும் விமானம் பசிபிக் பெருங்கடல் வழியாகத் திருப்பிவிடப்பட்டது. தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடிற்று. பயண நேரமோ பதினாலரை மணியாகக் குறைந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விரையும் ஜெட் காற்றோட்டம் முதுகில் தள்ளியதே காரணம். பூமி சுழல்வதால் விளையும் இலாபம் இது என்று சிலர் கூறுவதுண்டு, அது சரியன்று. வளிமண்டலமும் பூமியுடன் சேர்ந்தே சுழல்கிறது. தரையை ஒப்பிடக் காற்று கூடுதலாக ஓடும் வேகமே விமானத்திற்கு உதவுகிறது. ஞாயிறு அதிகாலையில் டில்லியில் ஏறியவர் அதே ஞாயிறு காலையில் அமெரிக்காவில் இறங்கினார் என்பது கடிகாரம் காட்டும் வேடிக்கை.

காற்றைக் கணித்துவிடலாம்; நாடுகளின் உறவைக் கணிப்பது கடினம். 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது; ஜூலை 16 அன்றுதான் முழுமையாகத் திறந்தது. நகரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மேற்கே செல்லும் விமானங்களின் வழி மட்டும் நீண்டது. இண்டிகோவின் டில்லி – இஸ்தான்புல் விமானம் எரிபொருளுக்காக தோஹாவில் இறங்க நேர்ந்தது. ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு என்று அரசு மாநிலங்களவையில் தெரிவித்தது. அந்நாளில் அது அரசு நிறுவனம். ஆகவே சுமை பொதுப் பணத்தின் மீதே விழுந்தது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வழி நீண்டால் எரிபொருள் கூடுதலாக வேண்டும். அதைத் தூக்கிச் செல்லவே மேலும் எரிபொருள் செலவாகும். விமானத்தின் எடைக்கு வரம்பு உண்டாகையால், சரக்கையோ பயணிகளையோ குறைத்தாக வேண்டும். அல்லது இடையில் எங்கேனும் இறங்கியாக வேண்டும். பின்னதில் ஒரு மணிக்கு மேல் கழிவதுடன், விமானிகளின் பணிநேர வரம்பும் குறுக்கிட்டு, மாற்றுக் குழு தேவைப்படலாம்.

2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு அவ்வான்வெளி மீண்டும் மூடப்பட்டபோது நேர்ந்ததும் இதுவே. டில்லியிலிருந்து வட அமெரிக்கா சென்ற விமானங்கள் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு சென்றன.