கால்வாய்க்கு அப்போ அந்தப் பேரே இல்லை

அசைன்மெண்ட் சீசன் வந்தாச்சு. அதனால இன்னைக்கு நான் மாட்டிக்கிட்ட கதை.

பி.ஏ. வரலாறு, ரெண்டாம் வருஷம். பக்கிங்காம் கால்வாயும் 1876-78 பஞ்சமும்தான் என் தலைப்பு. சென்னைக்குள்ள அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பகுதியை அந்தப் பஞ்சத்துலதான் வெட்டினாங்க. வெட்டினது பசியோட கூலிக்கு வந்த ஜனங்க. பறக்கும் ரயில்ல மயிலாப்பூர் பக்கம் போறப்போ கீழே கறுப்பா ஒரு தண்ணி தெரியுமே, அதேதான்.

ஒரே ராத்திரில முடிச்சேன். 14 அடிக்குறிப்பு! அதுல ஒண்ணு, வில்லியம் டிக்பி 1878-ல வெளியிட்ட பஞ்ச வரலாறு. நெட்ல கிடைச்ச ஒரு கட்டுரையோட அடிக்குறிப்பை அப்படியே தூக்கிப் போட்டுட்டேன். புத்தகத்தைக் கண்ணால பார்த்ததில்லை.

பேராசிரியர் ஒரு கேள்விதான் கேட்டார். "டிக்பி புத்தகம் எத்தனை தொகுதிம்மா?"

"ஒண்ணு சார்."

ரெண்டு. நான் பக்க எண் போட்டிருந்தேன், எந்தத் தொகுதின்னு போடலை. அவர் திட்டலை. பேப்பரைத் திருப்பிக் கொடுத்து, "பார்த்துட்டு வா"ன்னார். முழு கிளாஸும் பார்த்துக்கிட்டிருந்துச்சு. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

மறுநாள் எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1896-ல திறந்தது. இந்தியாவுல வெளியாகிற ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு பிரதி அனுப்பியாகணும்னு சட்டம் சொல்ற நாலு நூலகங்கள்ல ஒண்ணு. கம்ப்யூட்டர்ல 'பக்கிங்காம் கால்வாய்'னு தட்டினேன். உருப்படியா எதுவும் வரலை. பக்கத்துல இருந்த நூலகர் அம்மா எட்டிப் பார்த்தாங்க. "வெட்டினப்போ அதுக்கு இந்தப் பேரா?"

இல்லைதான். ஆளுநர் பக்கிங்காம் பேரை வச்சதே 1878-ல. 1806-ல வடக்குப் பக்கம் வெட்ட ஆரம்பிச்சவர் கொக்ரேன், அதனால முதல்ல அது கொக்ரேன் கால்வாய். பழைய ஆவணத்துல இன்னைக்குப் பேரைத் தேடினா எப்படிக் கிடைக்கும்? 'சென்னை'ன்னு தேடாம 'மெட்ராஸ்'னு தேடணும். கால்வாயை விட்டுட்டு 'பஞ்ச நிவாரண வேலை'ன்னும் தேடணும். அந்த அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க: புத்தகத்தைப் பின்னாடியிலிருந்து திற. முதல்ல பொருள் அகராதி, அப்புறம் நூற்பட்டியல். எந்தப் பத்துப் பக்கம் உனக்கு வேணும்னு அதுவே சொல்லிடும்.

டிக்பி இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இலவசமாவே இருக்கார். வீட்லயே படிச்சிருக்கலாம், அதான் கடுப்பு!

படிச்சப்புறம்தான் வயித்தைக் கலக்குச்சு. 'வேலை கொடுத்து அரசு மக்களைக் காப்பாற்றியது'ன்னு நான் எழுதியிருந்தேன். 1877 தொடக்கத்துல ரிச்சர்டு டெம்பிள் நிவாரணக் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் காசுன்னு குறைச்சிருக்கார். ஒரு பவுண்டுன்னா சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் சுமக்கிற உடம்புக்கு அது! மெட்ராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் அப்பவே எதிர்த்திருக்கார். இதெல்லாம் தெரியாம அரசுக்கு நான் நற்சான்றிதழ் கொடுத்திருக்கேன்.

டிக்பியும் ஒதுங்கி நின்னு எழுதினவர் இல்லை. பத்திரிகை ஆசிரியர், பஞ்ச நிவாரண நிதிக் குழுவோட செயலாளர். அதையும் ஒரு வரி எழுதினேன்.

ரெண்டாவது தடவை கொடுத்ததுல அடிக்குறிப்பு அஞ்சுதான். பேராசிரியர் நேரா டிக்பிக்குப் போனார், தொகுதி எண்ணைப் பார்த்தார், அடுத்த பக்கம் திருப்பிட்டார்.

நீங்க எழுதிட்டிருக்கிற தலைப்பை அனுப்புங்க. அதுக்குப் பழைய பேர் என்னன்னு அடுத்த எபிசோட்ல சேர்ந்து தேடுவோம்.