இலை உதிர்ந்த தொட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

(நம் சங்கத்தின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் பேசியது)



கார்த்திகை, மார்கழி வந்தால் நம் குப்பைக் கூடத்துப் பக்கம் மண்ணோடு பூந்தொட்டிகள் வந்து சேரும். கேட்டால், "செத்துப் போச்சு சார்" என்பீர்கள். அவற்றில் பல சாகவில்லை, ஓய்வில் இருக்கின்றன.

இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கை வங்கியில் 'டார்மன்ட்' என்போம். கணக்கு மூடப்படவில்லை, பணம் உள்ளேதான் இருக்கிறது. செடியும் அப்படித்தான். அதன் சேமிப்பு கிழங்கிலும் அடித்தண்டிலும் இருக்கிறது.

முதலில் கலேடியம். குளிர் தொடங்கியதும் இலை மஞ்சளாகிச் சாயும். பச்சையாக இருக்கும்போதே வெட்டாதீர்கள். தானாகக் காயட்டும், சத்து கிழங்குக்கு இறங்கும். பிறகு தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத நிழலில் வையுங்கள். பெயர் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டுங்கள். வெறும் மண் என்று யாரும் கொட்டிவிட மாட்டார்கள். மார்ச்சில் வெயில் ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் முளைக்கும். ஃபுட்பால் லில்லிக்கும் இதே முறைதான்.

அடுத்தது அடீனியம். இலை கொட்டினால் அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, கொழகொழவென்றால் அழுகல். கிளையை நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரிய வேண்டும். வெயிலில் வையுங்கள், மழையில் விடாதீர்கள். மண் நன்றாகக் காய்ந்தபின், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிறிது தண்ணீர் போதும்.

இலையில்லையே என்று பரிதாபப்பட்டுத் தண்ணீரும் உரமும் போடுவதுதான் ஆபத்து. இலையில்லாத செடி தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகிவிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசுவும் சேரும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நம் மாநில மலரான செங்காந்தளும் கொடி காய்ந்து கிழங்காக ஓய்வெடுக்கும். அந்தக் கிழங்கில் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்றால் உயிருக்கே ஆபத்து. கலேடியம் கிழங்கும் வாயையும் தொண்டையையும் எரிக்கும். கிழங்குகளைத் தோண்டி எடுத்து வைப்பவர்கள், தயவுசெய்து சேனை, உருளை இருக்கும் கூடைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள்.

தண்டு அழுகாதவரை, கிழங்கு கெட்டியாக இருக்கும்வரை பொறுத்திருங்கள். மார்ச் கடைசியில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.