இரத்த அழுத்த நோயாளியை வீட்டில் பராமரிப்பது எப்படி?
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். பல்வலி வந்தால் லயமே அறியும். இரத்த அழுத்தம் அப்படிப்பட்டதன்று. 2019-ஆம் ஆண்டில் நம் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் பத்துப் பேருக்கு மூவருக்கு இந்நோய் இருக்கக் காணப்பட்டது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். ஆகவே, "தலை சுற்றவில்லையே, எனக்கேது பிரஷர்?" என்று நம்மவர் கேட்பதில் பொருளில்லை.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-இல் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து இறந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300-க்கு 190. உலகப் போரை நடத்தியவருக்கே அக்காலத்தில் நல்ல மருந்து இல்லை. இன்று அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டினால் பரிசோதனையும் மாத்திரையும் கிடைக்கின்றன.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வைப்பதுதான் பெரும்பாடு. விடியுமுன் பெரட்டு, வெறும் வயிற்றில் ஒரு கோப்பி-ஓ, பிறகு வெட்டுக்காடு. மாத்திரை அலமாரியிலேயே கிடக்கும். எந்த வேளை ஒத்துவரும் என்று டாக்டரைக் கேட்டு, தினமும் அதே வேளையில் வீட்டார் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆம்லோடிபைன் சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். பெரிண்டோபிரில் வறட்டு இருமல் தரும். உடனே நாமாக நிறுத்திவிடுகிறோம். அது ஆபத்து. கிளினிக்கில் சொன்னால் வேறு மருந்து மாற்றித் தருவார்கள்.

கிராணிமாருக்கும் ஒரு வார்த்தை. பேர் போய்விடுமே என்று அஞ்சிக் கிளினிக் தவணையைத் தவறவிடுவோர் உண்டு. டாக்டர் சான்று தந்தால் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டென்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கூறுகிறது. இதைத் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்லுங்கள். நாள் முழுதும் உட்கார்ந்து கணக்கெழுதும் நீங்களும் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்!

வீட்டில் கருவி இருந்தால், நோயாளியை ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வையுங்கள். பாதம் தரையிலும் கை நெஞ்சு மட்டத்திலும் இருக்கட்டும். அதற்கு முன் அரைமணி நேரம் கோப்பியும் சிகரெட்டும் கூடாது. இரண்டு முறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். 135-க்கு 85 என்ற அளவுக்குமேல் தொடர்ந்து நின்றால் அந்த நோட்டைக் கிளினிக்கில் காட்டுங்கள். உப்பு, நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கருவாடு, ஊறுகாய், கிச்சாப், பாக்கெட் மீ ஆகியவற்றில் உள்ளதும் இந்தக் கணக்கில் சேரும்.

இனிக் கால்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் கால்வலி என்றால் எல்லாவற்றுக்கும் தைலம் என்பது நம் வழக்கம். நிரையில் நடக்கையில் கெண்டைக்கால் பிடித்து வலிக்கிறது, நின்றால் விடுகிறது என்றால் அது வெறும் அலுப்பாக இராது. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டிருக்கக்கூடும். புகைப்பவருக்கும் நீரிழிவுக்காரருக்கும் இது அதிகம். அக்கால் குளிர்ந்திருக்கும். அதற்காக வெந்நீர்ப் பை வைக்கக்கூடாது. உணர்ச்சி குறைந்த கால் வெந்துபோவது தெரியாது. உயரத் தூக்கி வைப்பதும் ஆகாது. நரம்புச் சுருட்டலோ நேர்மாறானது. வேலை முடிந்ததும் தலையணைமேல் காலைத் தூக்கி வைத்தால் சுகமாயிருக்கும். எது எதுவென்று டாக்டர் சொல்லுமுன் இறுக்கமான கட்டுப் போடாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சுட்டு வலித்தால், பாட்டி சொன்னாலும் எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். உள்ளே உறைந்த இரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாலையில் குளித்தபின் நோயாளியின் பாதத்தை விரலிடுக்கு வரை பாருங்கள். அட்டை கடித்த இடமும் முள் குத்திய இடமும் இவர்களுக்கு எளிதில் ஆறுவதில்லை.

கடைசியாக, பாரிசவாதம். வாய் கோணுகிறது, ஒரு கை தொய்கிறது, பேச்சுக் குழறுகிறது. இவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் 999-ஐ அழையுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ ஊற்றிப் புகட்டாதீர்கள், புரையேறும். கட்டியைக் கரைக்கும் ஊசியை, தகுந்த நோயாளிக்கு, பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பாலிங், கோல கெட்டில் பக்கத்திலிருந்து சுங்கை பட்டாணிக்கு வரும் நேரமும் அதில் அடக்கம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாயிருந்தார் என்று டாக்டர் முதலில் கேட்பார். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அவர் சாப்பிடும் மாத்திரைகளோடு கையில் எடுத்துச் செல்லுங்கள்.