"பை வைக்கணுமா சார்?"



காக்ஸ் டவுனில் பெருங்குடல், மலக்குடல் நோய்கள் குறித்த கருத்தரங்கு தமிழில் நடப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள எந்தக் கிளினிக்கில் உட்கார்ந்தாலும் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என நான்கும் காதில் விழும். மொழி எதுவானாலும், மலத்தில் ரத்தம் போகிறவர் சொல்வது ஒன்றுதான்: "மூலம் மாதிரி இருக்கு டாக்டர்."

சில ஆண்டுகளுக்கு முன் முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் தம் அண்ணனோடு வந்தார். எட்டு மாதமாக ரத்தப்போக்கு. உடம்புச் சூடு என்று மோரும் வெந்தயமும் குடித்திருக்கிறார். பிறகு மூலத்துக்குக் களிம்பு, மாத்திரை. மூன்று இடங்களில் காட்டிய சீட்டுகளை மேசைமேல் பிரித்து வைத்தார். ஒன்றில்கூட ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்ததாகக் குறிப்பில்லை. இடப்பக்கமாகப் படுக்கச் சொல்லிக் கையுறை மாட்டிப் பார்த்தேன். நான்கு சென்டிமீட்டர் உள்ளே, காலிஃபிளவர் தண்டு போலக் கெட்டியாக ஒரு கட்டி. அரை நிமிட வேலை. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டே அவர் கேட்டார்: "பை வைக்கணுமா சார்?" பிழைப்பேனா என்றுகூட அவர் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் தேடியே நம் துறை நூறாண்டுக்கு மேலாக உழைக்கிறது. 1908இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் மலக்குடல் புற்றுக்கு விவரித்த அறுவையில் மலக்குடலோடு ஆசனவாயும் போய்விடும். பிழைத்தவர் வாழ்நாள் முழுதும் வயிற்றில் திறப்போடு வாழ்ந்தார்; மலம் சேர அதில் மாட்டுவதுதான் அந்தப் பை. 1982இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கிலிருந்து பில் ஹீல்ட் எழுதினார்: மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழிக்காமல் முழுதாக எடுங்கள் என்று. அதே இடத்தில் நோய் திரும்புவது பெருமளவு குறைந்தது. ஆசனவாயைக் காப்பாற்றவும் துணிவு வந்தது. 2004இல் பிரேசிலின் ஆஞ்செலிட்டா ஹாபர்-காமா, கதிரும் கீமோவும் பெற்ற 265 பேரில் கட்டி முற்றிலும் மறைந்த 71 பேருக்குக் கத்தியே வைக்காமல் கண்காணித்த விவரத்தை வெளியிட்டார். முதலில் பலர் நம்பவில்லை. இன்று உலகெங்கும் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அது கடைப்பிடிக்கப்படுகிறது.

2022இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் டோஸ்டார்லிமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்தை மட்டும் ஆறு மாதம் கொடுத்தது. முதல் 12 பேருக்கும் மலக்குடல் கட்டி காணாமற்போனது. 2025இல் அந்த எண்ணிக்கை 49. சிகிச்சையை முடித்த அத்தனை பேருக்கும் அதே பலன். ஆனால் இந்த மருந்துக்குக் கேட்பது, மரபணுப் பிழைதிருத்தப் புரதம் குறைந்த கட்டிகள் மட்டுமே. மலக்குடல் புற்றில் அவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை. யாருக்கு அந்த வகைக் கட்டி என்பது, பயாப்சித் துண்டில் நான்கு புரதங்களைச் சோதித்தால் தெரியும்.

நம் நாட்டு நிலை வேறு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் 800 பேரை ஆராய்ந்தபோது சராசரி வயது 47தான். ஐம்பது வயதில் தொடங்கும் பரிசோதனைத் திட்டம் இவர்களில் பலரைத் தவறவிட்டுவிடும். மற்றொன்று: இங்கே மலக்குடலில் வருவதன் பங்கு அதிகம். அதில் பல கட்டிகள் விரல் எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. கையுறையும் கொஞ்சம் ஜெல்லும் கொண்டு கண்டுபிடிக்கக்கூடிய நோயை நாம் மாதக்கணக்கில் மூலம் என்று நடத்திவருகிறோம்.

அந்தப் பெண்ணுக்குப் பையைத் தவிர்க்க முடியவில்லை; கட்டி சுருக்குத்தசையைப் பிடித்திருந்தது. அறுவைக்கு முந்திய நாள் எங்கள் செவிலியர் அவரை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து, பாவாடை நாடாவும் கொசுவமும் படாத இடமாகப் பார்த்துப் பேனாவால் வயிற்றில் குறியிட்டார். அந்தப் பேனாக்குறி சரியாக விழுந்ததால் அவர் இன்று சேலை கட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார். எட்டு மாதம் முன்னரே வந்திருந்தால் பை தேவைப்பட்டிருக்காது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். வேறு பதில் சொல்ல ஒரு வாய்ப்பாவது எனக்கு இருந்திருக்கும்.

ஆகவே இந்த அவையிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ரத்தம் என்று வருகிற எவரையும் விரல் பரிசோதனை இல்லாமல் அனுப்பாதீர்கள். மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் உள்ளே பாருங்கள். இரண்டாவது, ஒவ்வொரு பயாப்சிக்கும் பிழைதிருத்தப் புரதச் சோதனை எழுதுங்கள். மூன்றாவது, நாமே செய்ய வேண்டிய ஓர் ஆய்வு. 1982 முதல் கித்வாய் புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேடு இந்நகரில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வந்தது என்று எண்ணிவருகிறது. அதுபோல, முதல் ரத்தம் கண்ட நாளுக்கும் முதல் விரல் பரிசோதனைக்கும் இடையே போன நாட்களை, நாளை காலையிலிருந்து நம் கேஸ் ஷீட்டில் நாம் எண்ணத் தொடங்குவோம். அடுத்த ஆண்டு இதே அவையில் அந்த எண்ணை வைப்போம். அது குறைகிறதா என்று பார்ப்போம்.

அந்த வேலையின் முதல் படியாக எண்ணி இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.